பரங்கிமலை பாஸிங் அவுட் பரேடு: பதக்கம் எந்தப் பக்கம், நட்சத்திரம் யார் வைப்பது, ராஜ்புத் ரெஜிமென்ட் பற்றி ஒரு மனக்குறை

குன்னூர்க்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்கு பரங்கிமலை ஓடிஏ-வில (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பாஸிங் அவுட் பரேடு, அதாவது பயிற்சி முடிப்பு அணிவகுப்பு வருது. அக்கா, அத்தான், எங்க அம்மா மூணு பேரும் போறாங்க. 'அந்திம் பக்', 'பிப்பிங்' இதுல வீட்டுக்காரங்க என்ன செய்யணும்? அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தவர், இப்போ இல்லை. அவரோட பதக்கங்களை அம்மா அணிஞ்சிட்டுப் போகலாமா? இன்னொண்ணு, பையனுக்கு ராஜ்புத் ரெஜிமென்ட் கிடைச்சிருக்கு. "தாத்தா ரெஜிமென்ட் கிடைக்கலையே, நம்ம பாஷை பேசாத ஆளுங்களோட எப்படி இருப்பான்"னு அம்மாவுக்கு வருத்தம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிரில்ஸ்கொயர்:
வாழ்த்துகள். முதலில் பரேடு.

கேடட்டுகள் அணிவகுத்து நின்றதும் ரிவ்யூயிங் ஆபீசர் வந்து பார்வையிடுவார். பிறகு மார்ச் பாஸ்ட், பரிசுகள், உரை. ஸ்வார்ட் ஆஃப் ஹானர் ஒருவருக்குத்தான். அது படிப்பு, டிரில், விளையாட்டு, தலைமைப் பண்பு எல்லாம் சேர்த்து முதலிடம் பெறுபவருக்கு. கடைசியில் பேண்டு 'ஆல்ட் லேங் சைன்' என்ற விடைபெறும் பாட்டை வாசிக்கத் தொடங்கும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள், அந்திம் பக்கை, அதாவது 'கடைசி அடி' என்று குறித்த கோட்டை நோக்கி நடக்கிறார்கள். குயிக் மார்ச் என்றால் நிமிடத்துக்கு 120 அடி. இது ஸ்லோ மார்ச், 70தான். கால் தரையைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் காற்றில் நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டும்வரை அவர் கேடட், தாண்டிவிட்டால் அதிகாரி. டேராடூன் ஐஎம்ஏ-விலும் (இந்திய ராணுவ அகாடமி) இதே வழக்கம்தான். அங்கே செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போவார்கள்.

பிப்பிங் அதற்குப் பிறகு. லெப்டினன்ட்டுக்குத் தோளுக்கு இரண்டு நட்சத்திரம். அதைப் பெற்றோர் பொருத்துவார்கள், அல்லது ஏற்கெனவே பொருத்தி மேலே துணி சுற்றியிருந்தால் அதை எடுத்துவிடுவார்கள். ஒரு தோள் அம்மாவுக்கு, ஒரு தோள் அப்பாவுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பின் பக்கத் திருகோ ஊசியோ சரியாக மாட்டாவிட்டால் நட்சத்திரம் சாயும். கை நடுங்கும் நேரம் அது, அவசரப்படாதீர்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே தொப்பி. முகத்தை வைத்துத் தேடினால் நேரம் போய்விடும். பையனின் கம்பெனி பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, சந்திக்கும் இடத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பித்தளைப்பொத்தான்:
பதக்க விஷயம் நான் சொல்கிறேன். தாராளமாக அணியலாம், ஆனால் வலது மார்பில். இடது பக்கம் பதக்கம் பெற்றவருக்கு மட்டும் உரியது. காலமானவரின் பதக்கத்தை வீட்டார் அணியும்போது வலப்பக்கம் என்பது மரியாதை கலந்த விதி. பார்த்த உடனே "இந்த அம்மாவின் வீட்டுக்காரர் படையில் இருந்தவர்" என்று அங்குள்ள ஒவ்வொருவருக்கும் புரிந்துவிடும். பல அதிகாரிகள் தாமாகவே வந்து எந்த ரெஜிமென்ட் என்று விசாரிப்பார்கள். அம்மாவைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

பதக்கங்களின் வரிசையை மாற்றாதீர்கள், பட்டியில் அவர் விட்டுப்போனபடியே இருக்கட்டும். ரிப்பன் நைந்திருந்தால் அதே நிறத்தில் புது ரிப்பன் மாற்றலாம். பிராஸோ போட்டுப் பளபளக்க வைக்கிறேன் என்று இறங்க வேண்டாம். விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் தேயும், எழுத்துக் குழிகளில் வெள்ளைப் பொடி தங்கும், துணியில் பட்டால் கறை. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். பட்டுப்புடவையில் நேராகக் குத்தினால் கனத்தில் துணி இழுபடும். உள்பக்கம் ஒரு தடித்த துணித்துண்டு வைத்து அதோடு சேர்த்துக் குத்துங்கள்.

வீரமதராசி:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பேரன் அந்திம் பக்கைத் தாண்டப்போகும் மைதானத்தின் பெயரே பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதே அகாடமியில் பயின்றவர். சேர்ந்தது மகார் ரெஜிமென்ட். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டுவிட்டு, தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்தபடியே உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா. மேஜர் முகுந்த் வரதராஜனும் ஓடிஏ-தான். அவர் ரெஜிமென்ட் ராஜ்புத், உங்கள் பையனுக்குக் கிடைத்த அதே ராஜ்புத். 2014-இல் ஷோபியானில் வீரமரணம். அசோக சக்ரா.

ஜவான்களைச் சேர்ப்பதில் பல ரெஜிமென்ட்டுகளுக்குப் பகுதி, சமூகம் என்ற பழைய வரையறை உண்டு. அதிகாரிகளுக்கு அப்படி இல்லை. விருப்பம் எழுதிக் கொடுக்கலாம், தகுதி வரிசையும் காலியிடமும் சேர்ந்து முடிவு செய்யும். போய்ச் சேர்ந்ததும் அதிகாரி தன் ஆட்களின் மொழியையும் கோயிலையும் பண்டிகையையும் தனதாக்கிக்கொள்ள வேண்டும். மந்திர் பரேடு எனும் கோயில் வழிபாட்டில் அவர்களோடு உட்கார வேண்டும், பரா கானா எனும் பெருவிருந்தில் அவர்களுக்குப் பரிமாற வேண்டும். பல யூனிட்டுகளில் புது லெப்டினன்ட்டை முதலில் ஜவான்களோடு பாரக்கில் தங்க வைப்பார்கள். பிளட்டூனில் ஒவ்வொருவரின் பெயர், ஊர், குடும்பம் தெரிந்திருக்க வேண்டும். ராஜ்புத் ரெஜிமென்ட்டின் போர் முழக்கமான 'பஜ்ரங் பலி கி ஜெய்' என்று முழங்கும்போது அது அவன் முழக்கம்தான். அதேபோல பஞ்சாபிலிருந்தோ பீகாரிலிருந்தோ மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமான வெலிங்டனுக்கு வரும் அதிகாரி தமிழோ மலையாளமோ பழகி, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். உங்கள் அப்பாவின் மேலதிகாரிகளில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று அம்மாவுக்கே நினைவிருக்கும்.

தேனிமாவட்டம்:
இடையில் ஒரு கேள்வி. என் சித்தப்பா மகன் வெலிங்டனில் அக்னிவீர் பயிற்சியில் இருக்கிறான். அங்கேயும் அந்திம் பக், நட்சத்திரமெல்லாம் உண்டா?

வீரமதராசி:
அங்கே கசம் பரேடு, அதாவது உறுதிமொழி அணிவகுப்பு. கீதை, குரான், பைபிள் என்று அவரவர் வேதநூலோடு மதகுருக்கள் இருப்பார்கள். ரெஜிமென்ட் கொடியான நிஷான் முன்னால் நின்று, தரை, கடல், வான் எந்த வழியாக அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்து என்றாலும் கட்டளையை நிறைவேற்றுவேன் என்று சொல்வார்கள். ஆர்ட்டிலரியில் பீரங்கிக்கு முன்னால் நின்று சொல்வார்கள், அவர்களுக்குப் பீரங்கிதான் நிஷான். பெற்றோருக்கு 'கௌரவ் பதக்' அணிவிப்பதும் உண்டு, அதனால் அப்பா அம்மா இருவரையும் அழைத்துப் போங்கள். நிஷான் உங்களைக் கடக்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்து நில்லுங்கள். செல்போனில் படம் எடுக்கும் மும்முரத்தில் பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

டிரில்ஸ்கொயர்:
ஒன்று விட்டுப்போயிற்று, பையனுக்கே சொல்ல வேண்டியது. நீண்ட நேரம் சாவ்தானில் (அட்டென்ஷன் நிலையில்) நிற்பவர்கள் மயங்கி விழுவதற்கு முக்கியக் காரணம் முழங்காலைப் பூட்டி நிற்பது. ரத்தம் காலிலேயே தேங்கி மூளைக்குக் குறைகிறது. குதிகால் சேர்ந்தும் பாதங்களுக்கு நடுவே 30 டிகிரியும் அப்படியே இருக்கட்டும். எடையை மட்டும் சற்று முன்பாதத்துக்குக் கொண்டுவந்து, பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி விரிக்க வேண்டும், வெளியே தெரியாது. முந்தைய நாளே நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் போகக் கூடாது, சென்னை வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

பூட்ஸ் கண்ணாடி போல மின்னவேண்டிய இடம் முனையும் குதிகாலும்தான். பஞ்சில் கொஞ்சம் பாலிஷ், ஒரு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டமாக, மெல்லிய பூச்சுகளாக. கால் மடங்கும் இடத்தில் தடிமனாகப் பூசினால் நாலு அடி வைப்பதற்குள் வெடித்து உதிரும்.

குன்னூர்க்காற்று:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பரமேஸ்வரன், முகுந்த் பத்தி எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ராஜ்புத் முழக்கத்தை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. பதக்கப் பட்டியை பீரோவிலிருந்து எடுத்து வெச்சாச்சு, வலது பக்கம்தான்.