“நான் டெலிட்டை அழுத்தவே இல்லை”: பட்டன் கிளிக்கில் மாட்டிய அனுபவங்கள்

சுழியன்

வாடிக்கையாளர் விவரம் திருத்தும் ஃபார்ம். ஏழெட்டுக் கட்டங்கள், கீழே இடது ஓரத்தில் டெலிட், வலது ஓரத்தில் சேவ். டெலிட்டின் கிளிக் ஹேண்ட்லரில் (கிளிக் விழுந்ததும் ஓடும் நிரலில்) ‘நிச்சயமா?’ என்று கேட்கும் கன்ஃபர்ம் பெட்டிகூட வைத்திருந்தேன்.

அதில் தினமும் வேலை செய்யும் மேடம் ஒருவர் போனில் வந்தார். “தம்பி, பேரைத் திருத்தினேன், பதிவே காணோம். நான் டெலிட்டை அழுத்தவே இல்லை.” யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். அவருடைய ஐடி, டெலிட் கோரிக்கை, நேரம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. “மேடம், நீங்கள்தான் அழுத்தியிருக்கிறீர்கள். கை தவறிப் பட்டிருக்கும்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் வேறொருவருக்கும் அதே கதை. அப்போதுதான் கிளிக் ஈவென்டில் வரும் டீடெயில் மதிப்பையும் லாகில் எழுத வைத்தேன். மவுஸால் ஒருமுறை அழுத்தினால் அது 1. வந்தது 0, அதாவது மவுஸ் அழுத்தாத கிளிக். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஃபார்மைத் திறந்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, என்டர் தட்டினேன். கன்ஃபர்ம் பெட்டி எட்டிப் பார்த்தது. வேகமாக டைப் செய்கிறவர் என்ன செய்வார்? படிக்காமலே இன்னொரு என்டர். முடிந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். டைப் (என்ன வகைப் பட்டன் என்பது) குறிப்பிடாமல் ஃபார்முக்குள் எழுதிய பட்டன், ஃபார்மை அனுப்பும் சப்மிட் பட்டன். கட்டத்தில் என்டர் தட்டினால் எச்டிஎம்எல் வரிசையில் முதலில் நிற்கும் சப்மிட் பட்டனுக்குத்தான் பிரவுசர் கிளிக் ஈவென்டை அனுப்பும். திரையில் இடது ஓரத்தில் ஒதுங்கி நின்ற என் டெலிட்தான் அங்கே முதல் ஆள். அந்த மேடம் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதுபோல, பயன்படுத்துகிறவர் சொன்னதை நம்பாமல் விட்டு மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தாவும்பட்டன்

எனக்கு வந்த புகார்: “சேவ் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினால்தான் வேலை செய்கிறது.” டெஸ்டர் நாற்பது தடவை பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடினார். நானும் பார்த்தேன். ஒரே கிளிக்கில் சேவ் ஆனது.

கடைசியில் புகார் சொன்னவருடைய திரையைப் பகிரச் சொல்லி, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலைத் தப்பாக அடித்தார். கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. திருத்திவிட்டு நேராக மவுஸை சேவ் மேல் கொண்டுபோய் அழுத்தினார். அந்தக் கணம் பட்டன் சுட்டிக்கு அடியிலிருந்து மேலே ஒரு துள்ளு துள்ளியது. விரலை எடுக்கும்போது சுட்டி இருந்தது வெற்றிடத்தில். சத்தியமாக, ஒரு தவளையைப் பார்த்த மாதிரி இருந்தது.

மவுஸை அழுத்தும் மவுஸ்டவுன் விழுந்ததும் கட்டம் ஃபோகஸை இழக்கிறது, அதற்கான பிளர் ஹேண்ட்லர் ஓடுகிறது, சரிபார்த்துச் சிவப்பு வரியை எடுக்கிறது. பட்டன் ஒரு வரி உயரம் மேலே போகிறது. விரலை எடுக்கும் மவுஸ்அப் வேறு இடத்தில். டவுனும் அப்பும் ஒரே பட்டனில் விழாவிட்டால் அந்தப் பட்டனுக்குக் கிளிக் கிடையாது. டெஸ்டரும் நானும் டேப் விசையால் கட்டம் மாறுகிறவர்கள். எங்களுக்குப் பட்டன் முன்கூட்டியே துள்ளி முடித்துவிடும். பிழைச் செய்திக்கு எப்போதும் ஒரு வரி இடம் ஒதுக்கினேன், சரியாகிவிட்டது.

இருமுறை

டைப் குறிப்பிடாததுதான் காரணம் என்று சுழியன் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. டெலிட்டை அந்த ஃபார்முக்குள் வைத்ததே தப்பு. டைப்பை மாற்றுவது ஒட்டுப்போடுகிற வேலை.

என் கதை இதற்கு நேர் எதிர். ஒரே விண்ணப்பம் இரண்டு மூன்று தடவை பதிவானது. கிளிக் ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே பட்டனை டிசேபிள் செய்தேன், மறுபடி அழுத்த முடியாதபடி. குரோமில் திறந்து அழுத்தினேன். பட்டன் சாம்பல் நிறமானது. பிரவுசர் அனுப்புவதைக் காட்டும் நெட்வொர்க் டேபில் ஒரு கோரிக்கைகூட இல்லை! கிளிக் ஹேண்ட்லர் முடிந்த பிறகுதான் சப்மிட் நடக்க வேண்டும்; அதற்குள் நான் பட்டனின் கழுத்தை நெரித்துவிட்டேன். இரட்டைப் பதிவு பிரச்சினை தீர்ந்தது என்னவோ உண்மை. ஒற்றைப் பதிவும் தீர்ந்தது.

சரி என்று ஃபார்மின் சப்மிட் ஈவென்டுக்கு மாற்றினேன். கோரிக்கை போனது, ஆனால் எல்லாமே ‘வரைவு’ என்று சேமிக்கப்பட்டது. எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பதைப் பட்டனின் பெயரையும் மதிப்பையும் வைத்துத்தான் சர்வர் கண்டுபிடித்தது. டிசேபிள் ஆன பட்டனின் மதிப்பு ஃபார்மோடு போகாது. ஒரு நாள் முழுக்க எல்லாருடைய விண்ணப்பமும் வரைவில் கிடந்தது.

பழையகை

எனக்கும் இரட்டைப் பதிவு வந்தது, தீர்த்தேன். கதை அவ்வளவுதான். ஆனால் இருமுறை செய்தது அடிப்படையிலேயே பிழை என்பதால் சொல்கிறேன்.

பட்டனை டிசேபிள் செய்வது பயனருக்கு ஒரு மரியாதை, அதைப் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. இணைப்பு பாதியில் அறுந்தால் பயனர் ரீலோட் செய்து மறுபடி அனுப்புவார். இரண்டு டேபில் திறந்து வைத்திருப்பார். உங்கள் ஸ்கிரிப்ட் இறங்கும் முன்பே அழுத்துவார். இதில் எதையும் பட்டன் தடுக்காது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி விதிப்படி புட், டெலிட் வகைக் கோரிக்கைகளை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. இப்படிப்பட்ட ஃபார்மை அனுப்பும் போஸ்ட் வகைக்கு அந்த உறுதி கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும். ஃபார்மைக் காட்டும்போதே சர்வர் ஒரு தனித்த டோக்கன் (அந்த ஃபார்முக்கு மட்டுமான அடையாளம்) போட்டு அனுப்பட்டும். அதை டேட்டாபேஸ் டேபிளில், ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத யுனிக் இன்டெக்ஸ் போட்ட காலமில் எழுதுங்கள். இரண்டாவது கோரிக்கை அங்கே முட்டி நிற்கும். அப்போது பிழை காட்டாதீர்கள், முதல் கோரிக்கைக்குக் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுங்கள். வெற்றி பெற்றதும் பக்கத்தை அங்கேயே வரையாமல், பிரவுசரை வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் 303 ரீடைரக்ட் கொடுங்கள், ரீலோடுக்கு எஃப்5 தட்டினால் பழைய போஸ்ட் மறுபடி ஓடாது. ‘இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டு இன்சர்ட்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும். அப்புறம் கோரிக்கை தோற்றால் பட்டனை மறுபடி எனேபிள் செய்யவும் மறக்காதீர்கள், பாதிப் பேர் மறக்கிறார்கள்.

இருமுறை

அண்ணா, நான் ஆலோசனை கேட்கவே இல்லையே. யுனிக் இன்டெக்ஸ் மறுநாளே போட்டாயிற்று. வரைவில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்டுக் கேட்டு மாற்றிய அந்தச் சாயங்காலம்தான் மறக்கவில்லை.

வெறுங்கன்சோல்

யாரும் நம்பாத கதை என்னுடையது. ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஒரு பட்டன், எச்டிஎம்எல்லிலேயே ஆன்கிளிக் எழுதி, ‘கிளியர்’ என்று பெயர் வைத்த என் ஃபங்ஷனை அழைத்தேன். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு எழுத்துகூட இல்லை. அதே ஃபங்ஷனை வேறு ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தால் ஓடுகிறது. அரை நாள், ஃபங்ஷனுக்குள் வந்ததும் நிறுத்திக் காட்டும் பிரேக்பாயின்ட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளேயே வரவில்லை. கடுப்பில் ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் ஒரு 2 சேர்த்தேன். ஓடியது! நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

தாவும்பட்டன்

பிரவுசர் பழைய ஃபைலையே சேமித்து வைத்திருக்கும் கேச் பிரச்சினையாக இருந்திருக்கும். பெயரை மாற்றியதும் புதிய ஃபைல் இறங்கியிருக்கும்.

வெறுங்கன்சோல்

இல்லை, தாவும்பட்டன். எச்டிஎம்எல்லில் நேராக எழுதும் ஹேண்ட்லர் பெயரைத் தேடும்போது முதலில் அந்தப் பட்டனில் தேடும், பிறகு அது இருக்கும் ஃபார்மில், பிறகு டாக்குமென்டில் (பக்கம் முழுவதும்), கடைசியில்தான் நம் ஃபங்ஷன்கள் இருக்கும் விண்டோவில். டாக்குமென்டிலேயே பழைய காலத்துக் கிளியர் என்ற ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அழைத்தால் அது எதுவும் செய்யாது, பிழையும் சொல்லாது. அதைத்தான் அரை நாளாக அழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலிப் பக்கத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தாவும்பட்டன்

போட்டுப் பார்த்தேன். மன்னிக்கவும். இது அநியாயம்.

சுழியன்

இருமுறை, டெலிட்டை ஃபார்முக்கு வெளியே எடுத்தாயிற்று, டைப்பும் மாற்றியாயிற்று. ஒட்டோ தையலோ, இப்போது என்டர் தட்டினால் சேவ்தான் ஓடுகிறது. டெலிட்டுக்கான கன்ஃபர்மையும் மாற்றிவிட்டேன், பதிவின் பெயரை அதில் அடித்தால்தான் அழியும்.

அந்த மேடத்தைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையதுதான், சரிசெய்துவிட்டேன், இனி என்டர் தட்டலாம் என்று சொன்னேன். “பரவாயில்லை தம்பி” என்றார். போன மாதம் வேறு வேலையாக அவருடைய திரையைப் பார்க்க நேர்ந்தது. பெயரைத் திருத்தினார், விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார், மவுஸைப் பிடித்து நிதானமாக சேவ் வரை கொண்டுபோய் ஒரு கிளிக். ஒவ்வொரு பதிவுக்கும் அப்படியே.