மணிக்கட்டுக்கு மேல புடைப்பு, மூணு விரல் மரத்துப் போகுது, தசை தலைகீழா இருக்காம்

கத்திரிக்கோல்காரி:
நான் டெய்லர்ங்க, பத்து வருஷமா கட்டிங் வேலை. ஏழெட்டு மாசமா வலது கையில கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் மரத்துப் போகுது, ஒரு மணி நேரம் சேந்தாப்ல துணி வெட்டுனா மணிக்கட்டுக்கு மேல உள்பக்கமா கோவக்காய் மாதிரி நீளமா புடைச்சுக்குது, வேலைய விட்டா அமுங்கிடுது. மொதல்ல பாத்த டாக்டர் கொழுப்புக் கட்டின்னு சொல்லிட்டாரு. இன்னொருத்தர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாரு, அதுல "ரிவர்ஸ்டு பால்மாரிஸ் லாங்கஸ்"னு வந்திருக்கு. அந்தத் தசைய எடுக்கணுமாம். எடுத்துட்டா கத்திரிக்கோல் பிடிக்க முடியுமா? இதான் என் சோறு.

பிசியோ_மதுரை:
சகோதரி, பயப்படாதீங்க. அந்தத் தசையோட சதைப்பகுதி முழங்கை பக்கமும், கயிறு மாதிரி மெல்லிசான நாண் மணிக்கட்டு பக்கமும் இருக்கணும். உங்களுக்கு அது பிறவியிலயே மாறிக் கெடக்கு, சதை மணிக்கட்டுல வந்து உக்காந்திருக்கு, வேலை செய்யும்போது ரத்தம் ஏறி உப்புது, கீழ அந்த மூணு விரலுக்கும் போற மீடியன் நரம்ப அழுத்துது. அந்த நரம்பு போற கார்பல் டனல்ல, அதாவது மணிக்கட்டுல இருக்குற குறுகலான பாதையில, ஏற்கனவே 9 நாண் நெருக்கியடிச்சுட்டு கெடக்கு, கொஞ்சம் கூடுனாலும் தாங்காது. பல பேருக்கு இந்தத் தசை பிறவியிலயே இருக்காது, அவங்க எல்லா வேலையும் செய்றாங்க. வேற எடத்துல அறுந்த நாணுக்கு ஒட்டுப் போடவே இதோட நாணத்தான் எடுப்பாங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க, கட்டை விரலுக்குக் கீழ இருக்குற மேடு வத்த ஆரம்பிச்சா திரும்ப வர்றது கஷ்டம். நரம்பு கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்புல சிக்னல் சரியா போகுதான்னு பாக்குறது) எடுத்தாச்சா?

சேலம்_பைக்:
எனக்கும் இதே மாதிரி தசைப் பிரச்சனைதான், ஆனா எனக்கு கூடுதலா ஒரு தசை, அதுவும் சுண்டு விரல் பக்கம். சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துச்சு, அது அல்நார் நரம்பாம், அது மணிக்கட்டுல கியோன் கால்வாய்னு வேற பாதையில போகுதாம். கழுத்து எலும்புன்னு சொல்லி ஒரு வருஷம் ஓட்டிட்டாங்க, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. கடைசில ஒரு டாக்டரம்மா கைய இறுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டே அல்ட்ராசவுண்ட் பாத்தாங்க, அப்பதான் தசை புடைக்கிறது தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு, பிடிமானம் நல்லாவே இருக்கு.

கத்திரிக்கோல்காரி:
ரொம்ப நன்றிங்க. கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுக்கல, நாளைக்கே கேக்குறேன். ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன், வலது கட்டை விரல் மேடு லேசா தட்டையா தெரியுதே, அது வத்துறதுதானா?

பிசியோ_மதுரை:
நேர்ல பாக்காம சொல்ல முடியாதும்மா. இந்த வாரமே காட்டுங்க, அதுவரைக்கும் பெரிய கட்டிங் எடுக்காதீங்க.