புதுப்பிப்பு: வாக்சினியா செல்களில் தெரிந்த அந்தப் பிறை வடிவங்கள்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: வாக்சினியா வைரஸ் (பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வைரஸ்) தொற்றிய எல் செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் எலி செல்கள்) 6 மணி நேரத்தில் வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சைட்டோபிளாசத்தில் முழு வைரஸே இல்லை, பிறை போன்ற வளைவுகள்தான் தெரிகின்றன, வெட்டும்போது வைரஸ் உடைந்துவிட்டதா என்று.

உடையவில்லை. அவை பிறந்துகொண்டிருக்கும் வைரஸ்கள்! அதே தொற்றை 4, 8, 12, 24 மணி நேரங்களில் நிறுத்திப் பார்த்தேன். 4-இல் கருவுக்கு அருகே செல் உறுப்புகள் ஒதுங்கிய ஒரு திட்டு. அதுதான் வைரஸ் தொழிற்சாலை. ஓரிரு பிறைகளும் அதற்குள் இருந்தன. 8-இல் அவை மூடி வட்டமாகியிருந்தன. சிலவற்றுக்குள் ஓரமாக ஒரு கரும்புள்ளி, அதாவது டிஎன்ஏ. 12-க்குப் பிறகு செங்கல் வடிவ முதிர்ந்த வைரஸ்கள் வரத் தொடங்கின. 24-இல் எங்கும் அவைதான்.

எல்லா வட்டத்திலும் புள்ளி இல்லாதது என்னை ரொம்பக் குழப்பியது. காரணம் எளிது: வட்டத்தின் விட்டம் சுமார் 300 நானோமீட்டர், நான் வெட்டிய சீவலின் தடிமன் 70 நானோமீட்டர்தான். அதனால் புள்ளி பல வெட்டுகளில் சிக்குவதே இல்லை. பிறையும் உண்மையில் ஒரு கிண்ணம். நாம் பார்ப்பது அதன் குறுக்குவெட்டு.

ஆய்வாளர்கள் சாமுவேல் டேல்ஸும் சிமினோவிச்சும் 1961-லேயே எல் செல்களில் இந்த வளர்ச்சியை விவரித்திருக்கிறார்கள். முதலில் அதைப் படித்திருக்க வேண்டும்.

அடுத்து ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து. அது இருக்கும்வரை பிறை உருவாகாது. கழுவி நீக்கினால் சில நிமிடங்களில் தோன்றிவிடும். அந்த நிமிடங்களைப் படம்பிடிக்கப் போகிறேன்.