அமிலம் போட்ட பிடிஏ இறுகவே மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க

வேர்மண்:
வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு மண்ணுல இருந்து பூஞ்சை பிரிச்சுட்டு இருக்கேன். பாக்டீரியா வந்து மூடிடக் கூடாதுன்னு பிடிஏ (உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரை, அகார் கலந்தது) மீடியாவுல டார்டாரிக் ஆசிட் விட்டு பிஹெச்ச 3.5-க்கு இறக்கிட்டு, அப்புறம் ஆட்டோகிளேவ்ல (அழுத்த நீராவியில கிருமி நீக்குற மிஷின்) 121 டிகிரி 15 நிமிஷம் வைக்கிறோம், லேப்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ப்ளேட்ல ஊத்தி ராத்திரி பூரா விட்டாலும் கொழகொழன்னுதான் நிக்குது, லூப் (கிருமி தடவுற கம்பி) பட்டாலே கிழியுது. இறுக வைக்கிற அகார் (கடற்பாசில எடுக்குறது) லிட்டருக்கு 15 கிராம் போடுறேன், அதே டப்பா அகார்ல நியூட்ரியன்ட் அகார்ங்கிற பாக்டீரியா மீடியா போட்டா நல்லா இறுகுது, அப்ப அகார் மேல தப்பு இல்லைல? இன்னொண்ணு, அகார் தீரப் போகுது, புது ஆர்டர் வர நாளாகும். மளிகைக் கடையில விக்கிற சைனா கிராஸ் வச்சு சமாளிக்க முடியுமா?

பூஞ்சைப்பிரியன்:
தம்பி, அகார் நல்ல அகார்தான். ஆசிட் விடுற நேரம்தான் பிரச்சனை. அகார்ல இறுகுற பகுதி அகரோஸ், அது கேலக்டோஸும் அன்ஹைட்ரோ கேலக்டோஸும் மாத்தி மாத்தி கோர்த்த நீளச் சங்கிலி, இதுல அன்ஹைட்ரோ கேலக்டோஸ் இருக்குற இணைப்பு அமிலத்துக்குத் தாங்காது, அதுவும் 121 டிகிரியில சுத்தமா தாங்காது, துண்டு துண்டா அறுந்துடும். ஆறும்போது சங்கிலிங்க ரெண்டு ரெண்டா முறுக்கிக்கிட்டு, அந்த முறுக்குங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வலையா ஆனாத்தான் தண்ணிய பிடிச்சு வைக்கும், குட்டைத் துண்டுங்களால அது முடியாது. அதனால நீ எவ்ளோ நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சாலும் பிரயோஜனம் இல்ல.

மீடியாவ அதோட சாதா பிஹெச் 5.6-லயே ஆட்டோகிளேவ் பண்ணு. 45-50 டிகிரிக்கு ஆறினதும், தனியா ஸ்டெரைல் பண்ண 10% டார்டாரிக் ஆசிட் விட்டு மெதுவா சுழட்டி உடனே ஊத்திடு. லிட்டருக்கு 10 மில்லில ஆரம்பி, கொஞ்சம் தனியா எடுத்து பிஹெச் பாத்துட்டு கூட்டிக்கோ. ஆசிட் விட்டப்புறம் மைக்ரோவேவ்லகூட திரும்ப உருக்காத. பாக்டீரியாவ மட்டும் தடுத்தா போதும்னா குளோராம்ஃபெனிகால்ங்கிற ஆன்டிபயாட்டிக் போடு, அது ஆட்டோகிளேவ் சூட்டையே தாங்கும், அமிலத் தொல்லையே இல்ல.

இந்த 45 டிகிரி சமாச்சாரம்தான் அகாரோட பெரிய வரம். உருகணும்னா 85-க்கு மேல வேணும், ஆனா உருகினது திரும்ப இறுக 32-40 வரைக்கும் இறங்கணும். அந்த இடைவெளியிலதான் ரத்தம், ஆன்டிபயாட்டிக், ஆசிட்னு சூடு ஆகாததெல்லாம் கலக்குறோம். இறுகினப்புறம் 37-ல இன்குபேட்டர்ல வச்சாலும் அசையாது.

ப்ளேட்ராணி:
அண்ணா சொன்னது அப்படியே சரி. ஒண்ணு சேர்த்துக்கிறேன். அகாருக்கு முன்னாடி ஜெலட்டின்தான் வச்சிருந்தாங்க, 37-ல உருகிடும், போதாக்குறைக்கு நிறைய பாக்டீரியா அதை தின்னு தண்ணியாக்கிடும். 1881-ல ஃபேனி ஹெஸ்ஸேதான் தன் வீட்டு ஜெல்லிக்குப் போடுற அகார சொல்லிக் குடுத்தாங்க, அவங்க வீட்டுக்காரர் வால்டர் ஹெஸ்ஸே பாக்டீரியா ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் லேப்ல வேலை பாத்தாரு. 1882-ல வந்த காசநோய் கட்டுரையில கோக் அகார சொன்னாரு, இந்தம்மா பேர சொல்லல. பாடத்துல பெட்ரி டிஷ்ஷுக்கு பெட்ரி பேரு இருக்கு, உள்ள இருக்குறத குடுத்தவங்க பேர எத்தன பேருக்கு தெரியும்? எனக்கு இது ரொம்ப ஆத்திரமா வரும்.

சைனா கிராஸ் விஷயம். அதுவும் அகார்தான், ஸ்கூல் பசங்களுக்கு காட்ட, சும்மா வளருதா பாக்கன்னா தாராளமா போடலாம், பச்சத் தண்ணியில ஊறவச்சு நாலஞ்சு தடவ தண்ணி மாத்திட்டு போடுங்க. ஆனா பாக்கெட்டுக்கு பாக்கெட் இறுக்கம் மாறும், உப்பும் நிறமும் கூட வரும். ப்ராஜெக்ட் ரிசல்ட்டுக்கு வேணாம். ஆன்டிபயாட்டிக் சென்சிட்டிவிட்டிக்கு (எந்த மருந்து கிருமிய தடுக்குதுன்னு பாக்குற டெஸ்ட்) தொடவே தொடாதீங்க, கால்சியம் மக்னீசியம் கொஞ்சம் ஏறினாலும் சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியாவுக்கு ஜென்டாமைசின் மருந்தச் சுத்தி வளராம நிக்கிற வட்டம் சின்னதாயிடும். ஜெல்லி பவுடர்னு விக்கிறது வேற, அதுல பெரும்பாலும் காராஜீனன்னு வேற கடற்பாசிச் சரக்கு இருக்கும்.

மண்டபம்காரன்:
நான் ராமநாதபுரம் பக்கம். எங்க கடல்ல அகாருக்கு எடுக்குறது ரெண்டு பாசி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. பொம்பளைங்கதான் கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி பாறையில இருந்து பிச்சு எடுப்பாங்க, பவளப்பாறை கையை கிழிச்சுடும். மரிக்கொழுந்துல வர்ற அகார் நல்லா கெட்டியா நிக்கும். கஞ்சிப்பாசில சல்ஃபேட் ஜாஸ்தி, அந்த சல்ஃபேட் சங்கிலிய முறுக்க விடாது, அதனால முதல்ல காரத்துல வேகவச்சு சல்ஃபேட்ட கழட்டி அன்ஹைட்ரோ கேலக்டோஸா மாத்துனாத்தான் இறுக்கம் வரும். டிஎன்ஏ துண்டுங்கள மின்சாரத்துல ஓட்டிப் பிரிக்கிற அகரோஸுக்கு விலை அதனாலதான், சல்ஃபேட் உள்ள பகுதிய கழிச்சுட்டு விக்கிறாங்க. மிச்சம் இருந்தா ஜெல்லுக்குள்ள தண்ணி எதிர்ப்பக்கம் ஓடும், டிஎன்ஏ பேண்ட் (கோடு) நகர்றது மந்தமாகும், ஜெல்ல இருந்து வெட்டி எடுத்த டிஎன்ஏவுல துண்டுங்கள ஒட்டுற லைகேஸ் என்சைமும் சரியா வேலை செய்யாது.

வேர்மண்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஏற்கனவே ஆசிட் போட்டு ஆட்டோகிளேவ் பண்ண ரெண்டு பாட்டில் இருக்கு, அதுலயே கொஞ்சம் அகார் கூட போட்டு திரும்ப வச்சா தேறுமா?

பூஞ்சைப்பிரியன்:
தேறாது தம்பி, புதுசா போடுற அகாரும் அதே அமிலத்துல வெந்து அறுந்துடும். அதை பிராத்தா (இறுகாத திரவ மீடியாவா) வச்சுக்கோ, பூஞ்சைய ஃபிளாஸ்க்ல வளர்க்க ஆகும்.