புதுப்பிப்பு: ஸ்டோரேஜ் டிரைவர் ஒரே எரரக் கொட்டுன பிரச்சனை தீந்தாச்சு

போன வாரம் கேட்டேம்லா, நாகர்கோவில் ஆபீஸ் சர்வர்ல ஒரு டிஸ்க் கேபிள் லூசாகி, நாங்க எழுதுன லினக்ஸ் டிரைவர் (டிஸ்க ஓட்டுற புரோகிராம்) ஒவ்வொரு ரீட் ஃபெயிலுக்கும் லாக்ல (எரர் பதிவுல) ஒரே வரிய அடிச்சு விட்டு, விடியறதுக்குள்ள சிஸ்டம் இருக்க ரூட் பார்ட்டிஷனே நெறஞ்சு போச்சுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி மக்கா.

மொதல்ல லாக் வரிய அளவோட எழுத விடுற பழைய பிரிண்ட்கே_ரேட்லிமிட் ஃபங்ஷன் போட்டேன், அது கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதியில) அதக் கூப்பிடுற எல்லாருக்கும் சேத்து ஒரே கணக்கு வைக்குது, அது வேண்டாம். மார்த்தாண்டத்து அண்ணன் சொன்ன டெவ்_எர்_ரேட்லிமிட்டட் தான் கைகொடுத்துது: 5 செகண்டுக்கு 10 வரி, மிச்சம் எத்தனைய அமுக்குனோம்னு பெறவு "கால்பேக்ஸ் சப்ரஸ்டு"ன்னு ஒத்த வரியில சொல்லிருது.

எதிர்பாக்காதது ஒண்ணு உண்டு, அந்தக் கணக்கு கோடுல அந்த வரிக்குத்தான், டிஸ்குக்கு இல்ல. கேபிள் போன டிஸ்க் கத்துன கத்துல பக்கத்து டிஸ்கோட நெஜமான எரர் லாக்லயே வரல, பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிட்டு. அதனால ஒவ்வொரு டிஸ்கோட விவரத்தையும் வச்சிருக்க டிவைஸ் ஸ்ட்ரக்சருக்குள்ளயும் அந்தக் கணக்குக்குன்னு ஒரு ரேட்லிமிட்_ஸ்டேட் வச்சு, புரோப்ல (டிஸ்க டிரைவர் ஏத்துக்கும்போது ஓடுற ஃபங்ஷன்ல) ரேட்லிமிட்_ஸ்டேட்_இனிட் பண்ணி, எரர் எழுதுறதுக்கு முன்னால அண்டர்ஸ்கோர் ரெண்டு போட்ட __ரேட்லிமிட் கூப்பிட்டுப் பாக்கேன், அது பூஜ்யம் தந்தா எழுதுறதில்ல. நேத்து வேணும்னே கேபிள உருவிப் பாத்தேன், ரெண்டு டிஸ்க் எரரும் தனித்தனியா வருது.