ராத்திரி மீடியம் வேவ் முழுக்க இரைச்சல், என்ன செய்யலாம்?

ஏர்வாடிக்காரன்:
அப்பாவின் பழைய ரேடியோவைத் தூசி தட்டி எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் கடல். பகலில் 882 கிலோஹெர்ட்ஸில் இலங்கையின் புத்தளம் நிலையம் பக்கத்து ஊர் போலக் கேட்கிறது. இருட்டினால் ஒரே இரைச்சல். தூர நிலையங்கள் ராத்திரிதான் வரும் என்றார்களே அண்ணே?

மண்டபம் வானொலி:
தம்பி, ரேடியோவில் குறையிருக்காது. விளக்கு போட்டதும் இரைச்சல் என்றால் எல்இடி பல்பைத்தான் சந்தேகப்படுவேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். நான் கடற்கரைக்கே தூக்கிப் போய்விடுவேன்.

பகலில் புத்தளம் வருவது நமக்குக் கடல் கொடுத்த வரம். தரையையும் கடலையும் ஒட்டியே வரும் ‘தரை அலை’ உப்புத் தண்ணீர் மேல் அதிகம் தேயாது. ராத்திரி கதை வேறு. உயரத்தில், மின்னூட்டம் பெற்ற காற்று இருக்கும் பகுதிதான் அயனி மண்டலம்; அதன் அடிப்பகுதியில் இருந்து பகலில் அலையை விழுங்கும் டி அடுக்கு மறைந்துவிடும். அலை இன்னும் மேலே போய் அயனி மண்டலத்தின் மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பும், அதனால்தான் தூர நிலையங்கள் வருகின்றன. அப்புறம், ரேடியோவை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி ஒரு நிலையத்தை நோக்கினால் அது அமுங்கி, அதே அலைவரிசையில் இன்னொன்று எழும். எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் அதுதான்.

தொண்டி:
9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தேடுங்கள்: 882, 891, 900. நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

ஏர்வாடிக்காரன்:
பல்பேதான் அண்ணே! நேற்று ஓர் இந்திப் பாட்டு வந்தது, பெயர் சொல்லும் முன்பே மங்கிவிட்டது.

மண்டபம் வானொலி:
விடாதீர்கள், மங்கினது திரும்ப வரும். சரியாக மணி அடிக்கும் நேரத்தில் காத்திருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் பெயர் சொல்வார்கள்.