மாயாற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர்

வேளச்சேரியில் என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பரின் அம்மா வழி ஊர் தெங்குமரஹாடா. காட்டுக்குள் இருக்கிறது, வெளியாட்கள் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். 2022இல் அவர் வீட்டார் சொல்லி வைத்ததால் எனக்கு வாய்த்தது.

சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து பவானிசாகர். அப்புறம் காட்டு ரோடு. வழியில் வெளிமான் கூட்டம் ஒன்று பஸ்ஸைக் கண்டும் ஓடாமல் நின்றது. கடைசியில் பஸ் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. பாலம் கிடையாது. ஊர் அக்கரையில்.

பரிசலில் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், யூனிபாரம் போட்ட இரண்டு பிள்ளைகள், நாங்கள். "தம்பி, குத்தவச்சு உக்காருங்க, நடுவுல எந்திரிக்காதீங்க" என்றார் பரிசல்காரர். நேராக எதிர்க்கரைக்கு விடுவார் என்று நினைத்தேன். அவரோ கரையை ஒட்டியே மேல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து குறுக்கே விட்டார். ஆற்றின் இழுப்பே சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து துறையில் சேர்த்தது. பிள்ளைகள் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூட்டையை இறுகப் பிடித்திருந்தேன்.

கணக்குப்படி இது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே பச்சையாகத் தெரிவது இந்த ஊர்தான். ஆனால் பஸ்ஸில் தாலுகா ஆபீஸ் போக, ஈரோடு மாவட்டத்துக்குள் இறங்கி, மேட்டுப்பாளையம் சுற்றி, மறுபடி மலையேற வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

நண்பரின் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சோறு போட்டுக்கொண்டே பேசினார். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே ஊட்டிப் பக்கம் மழை பெய்தால் ஆறு ஏறிவிடுமாம். அதனால் மழைக்கு முன்னாலேயே அரிசி, தீப்பெட்டி, மாத்திரை எல்லாம் வாங்கி வைத்துவிடுவார். மாசமாக இருக்கிற பெண்களை நாள் நெருங்கும் முன்னே அக்கரைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி ஆற்றில் வெள்ளம். பரிசல் போட முடியவில்லை, விடியும்வரை கரையிலேயே கட்டிலில் கிடத்தி வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். "ஆறு விட்டாத்தானுங்க போகோணும்" என்றார். குரலில் குறை இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1948இல், காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கமாக அரசாங்கமே தொடங்கி வைத்ததுதான் இந்த ஊரின் விவசாயம். நிலம் சங்கத்தின் பெயரில், ஊர்க்காரர்கள் கையில் பட்டா இல்லை. இப்போது புலிகளுக்காக ஊரையே இடம் மாற்றும் பேச்சு. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று விஷயம் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தது. நண்பர் போய்விடலாம் என்கிறார், பிள்ளைகளின் படிப்பு அவருக்கு முக்கியம். அம்மிச்சி வரமாட்டேன் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று தலைமுறை உழுத மண்ணுக்கு 15 லட்சம் போதும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பணத்தில் வெளியே எத்தனை சென்ட் நிலம் கிடைத்துவிடும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை, வீட்டில் ஒரு மெழுகுவத்தி இல்லை. நாலாம் நாள் ரப்பர் படகில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கடையில் போனைச் சார்ஜ் போட்டதும் நண்பரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மிச்சி.

"சாப்பிட்டீங்களா சாமி? பரிசல் வந்துச்சுங்களா?"